கோர்டி ஒலிலாவின் வலது கை

நான் இன்று நர்ஸ் வேலை பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன் என்றால் அதற்குக் காரணம் கோர்டி ஒலிலாவின் உடம்பு. தப்பாக நினைக்க வேண்டாம். அவருக்கு ஆர்லீன் என்று ஒரு பெண்டாட்டி உண்டு, அவள் கையால் அடி வாங்கும் ஆசை எனக்கு இல்லை. படிப்பைத்தான் சொல்கிறேன். மற்றவர்கள் உடற்கூறைப் புத்தகத்தில் படித்தார்கள், நான் அந்த மனிதரின் மேல் படித்தேன்.

அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போட்டது காகித ஆலைதான். கோர்டி பள்ளிக்கூடம் முடித்த கோடையிலேயே அங்கே சேர்ந்தார். மரக்கூழ் காய்ச்சும் பகுதியில் வேலை. தலைமுடி கொட்டி, முழங்கால் தேய்ந்து, ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒருநாள் ஆலையை மூடிவிட்டார்கள். வேலை போனவர்களுக்கு வேறு தொழில் படிக்க அரசாங்கம் செலவு செய்யும் என்று அறிவிப்பு வந்தது. அவருடைய கூட்டாளிகள் லாரி ஓட்டவும் வெல்டிங் செய்யவும் போனார்கள். கோர்டி நர்ஸ் படிப்புக்குப் பேர் கொடுத்தார்.

ஊரே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். ஏன் இந்தப் படிப்பு என்று யார் கேட்டாலும் அவர் ஒரே பதில்தான் சொல்வார். “நம்ம ஊர் ஆம்புலன்ஸை நான் எத்தனை வருஷமா காசு வாங்காம ஓட்டிக் குடுக்கறேன், தெரியுமில்ல? முன்னாடி நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு இருப்பேன். பின்னாடி ஒரு உயிர் போகும், இல்லன்னா பொழைக்கும். அங்க என்ன நடக்குதுன்னு ஒரு தடவையாவது எனக்குப் புரியணும்.”

நர்ஸ் படிப்பில் இடம் வேண்டுமென்றால் முதலில் எங்கள் ஊர்க் கல்லூரியில் மனித உடற்கூறும் உடலியலும் படித்து, அதன் ஆய்வக வகுப்பில் தேற வேண்டும். முந்தைய பருவத்தில் கோர்டி அதில் கோட்டை விட்டிருந்தார். இன்னும் ஒரே ஒரு முறைதான் அரசாங்கம் செலவைத் தரும். அதிலும் தோற்றால் வடக்கு டக்கோட்டாவுக்குப் போய் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்ப்பதாகத் தன் சித்தப்பா மகனிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அங்கே தகரக் கொட்டகையில் படுக்கை, கிறிஸ்துமஸுக்கு மட்டும் வீடு. ஆர்லீன் இங்கே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறாள், படுக்கையில் கிடக்கும் அப்பாவையும் பார்த்துக்கொள்கிறாள். அவளால் கூடப் போக முடியாது.

இந்தக் கதையெல்லாம் எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆய்வகத்தில் இரண்டு இரண்டு பேராக ஜோடி சேரச் சொன்னார்கள். இருபது வயதுக் குட்டிகள் எல்லாம் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர். அவர் பெரிய உருவம், கட்டம் போட்ட கம்பளிச் சட்டை. நான் முப்பத்தெட்டு வயசு, மளிகைக் கடையில் இறைச்சி வெட்டித் தரும் கவுன்ட்டரில் வேலை, மூக்கு நுனியில் கோபம்.

“என்ன, ரெண்டு பேரும் விலை போகாத சரக்கு போல” என்றார் கோர்டி.

“உன்னைச் சொல்லிக்கோய்யா. என்னை யாரும் இன்னும் விலையே கேக்கல” என்றேன்.

அதோடு சிநேகமாகிவிட்டோம்.

அவருக்குப் புத்தகம் ஏறாது. கண்ணாடியைப் போட்டால் தலை வலிக்கிறது என்பார், போடாவிட்டால் எழுத்து தெரியவில்லை என்பார். எதையும் தன் உடம்பில் தொட்டுப் பார்த்தால்தான் அவருக்கு மண்டையில் நிற்கும். தாடைத் தசைகளைப் படித்த வாரம், கறியும் உருளைக்கிழங்கும் அடைத்த பேஸ்டியைக் கடித்து மென்றுகொண்டே இரண்டு விரலைக் கன்னத்திலும் இரண்டு விரலை நெற்றிப்பொட்டிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “பாரு மார்லிஸ், உருளைக்கிழங்குக்குக் கன்னம் மட்டும்தான் வேலை செய்யுது. கறித்துண்டு வந்தா பொட்டும் துள்ளுது” என்று கத்தினார். உணவறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போனது. ஆனால் அந்த இரண்டு தசையும் இன்றுவரை எனக்கு மறக்கவில்லை.

யார் மேலாவது எதையாவது செய்து பார்க்க வேண்டுமென்றால் கோர்டிதான் முதலில் எழுந்து நிற்பார். இதயத் துடிப்பை வரைந்து பார்க்க அவர் நெஞ்சு முடியைத்தான் வழித்தார்கள். முழங்காலில் சுத்தியலால் தட்டியபோது அவர் காலால் விட்ட உதை என் தாடையில் விழுந்தது. சிறுநீர்ச் சோதனை நாளில் காலையிலிருந்து காபியாகக் குடித்துவிட்டு வந்து, வகுப்புக்கே போதுமான அளவு கொடுத்துவிட்டு, “இன்னும் வேணும்னா சொல்லுங்க, கூச்சப்படாதீங்க” என்றார். பாடம் நடத்தும் மிஸஸ் டிரெவாரோ சிரிக்கவே மாட்டார். அன்றைக்கு அவர் கூட ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எலும்புப் பரீட்சையில் நான் கேவலமான மதிப்பெண் வாங்கினேன். போதுமடா சாமி என்று அடுத்த வாரம் வகுப்புக்குப் போகவில்லை. சனிக்கிழமை கடையில் கூட்டம். கோர்டி வரிசையில் நின்று தன் முறை வந்ததும் கவுன்ட்டரில் சாய்ந்தார்.

“கொஞ்சம் ஹாம் குடு. மெலிசா வெட்டு. அப்படியே என் முதுகெலும்பை எண்ணிச் சொல்லு, எனக்கு மறந்து போச்சு.”

“யோவ், இது கடை. பின்னாடி ஆள் நிக்கறாங்க.”

“நிக்கட்டும். அவங்களுக்கும் முதுகு இருக்குல்ல?”

சொல்லிவிட்டு முதுகைக் காட்டி நின்றே விட்டார். கூட்டம் சிரிக்கிறது, மேனேஜர் முறைக்கிறார். இந்த ஆள் நகர மாட்டார் என்று தெரிந்துபோய், கையுறை மாற்றிக்கொண்டு கவுன்ட்டருக்கு வெளியே வந்து, அவர் கழுத்தின் கீழ் துருத்திய எலும்பிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னேன். எல்லாம் சரியாக வந்தது. “தெரியுதுல்ல, அப்புறம் ஏன் வரல?” என்று மட்டும் கேட்டுவிட்டு ஹாமை வாங்கிக்கொண்டு போனார். திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். அந்த மனிதர் அன்றைக்கு வரிசையில் வந்து நிற்காமல் இருந்திருந்தால் நான் இன்னமும் ஹாம்தான் வெட்டிக்கொண்டிருப்பேன்.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை அவர் வீட்டுச் சமையலறையில் படிப்பு. ஆர்லீன் காபி போட்டு, ஏலக்காய் மணக்கும் நீசு என்ற இனிப்பு ரொட்டியை வெட்டி வைப்பாள். கோர்டி சட்டைக் கையை மடித்துக் கையை மேஜையில் நீட்டுவார். நான் என் கண் மை பென்சிலால் அவர் தோலில் தசைகளை வரைந்து பேர் எழுதுவேன். எழுத எழுத எனக்கு ஏறும். நான் எழுதும் தசையை அவர் அசைத்து அசைத்துப் பார்ப்பார், அப்படி அவருக்கு ஏறும். முடிந்ததும் சோப்பு போட்டால் போய்விடும்.

கடைசிப் பரீட்சைக்கு முந்தின நாள் மத்தியானம் முன்கைத் தசைகளை எடுத்தோம். பாதியில் மை பென்சில் உடைந்துவிட்டது. எனக்கோ அவசரம், மாலை ஷிப்டுக்குப் போக வேண்டும். மேஜை இழுப்பறையைத் திறந்தேன், கறுப்பு மார்க்கர் ஒன்று கிடந்தது. எடுத்து வலது முன்கை முழுக்கப் பெரிய பெரிய எழுத்தில் எழுதித் தள்ளினேன். கையில் இடமே இல்லை, அவ்வளவு எழுதினேன்.

ஆர்லீன் அடுப்பைத் துடைத்துவிட்டுத் திரும்பினாள். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் பாய்ந்து பிடுங்கினாள்.

“அடிப்பாவி! அது மான் கறிப் பொட்டலத்து மேல எழுதற மார்க்கர். ரெண்டு வருஷம் ஃப்ரீசர்ல கிடந்தாலும் அழியாது. படிக்க வந்தியா, என் புருஷனைப் பொட்டலம் கட்ட வந்தியா?”

சோப்பு போட்டாள், போகவில்லை. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைத் தேய்த்தாள், நாற்றம்தான் வந்தது. கோர்டி வீட்டுக்குப் பின்னால் இருந்த சௌனாவில், அதாவது வியர்வைக் குளியலறையில், விறகைப் போட்டு, வேர்த்து வழிந்து, பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்துவிட்டு வெளியே வந்தார். தோல் இறால் போலச் சிவந்திருந்தது, அந்தச் சிவப்பில் என் எழுத்து இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

பரீட்சையில் யார் உடம்பிலாவது எழுத்து இருந்தால் அவருக்கும் எழுதிக் கொடுத்தவருக்கும் பூஜ்யம் என்று மிஸஸ் டிரெவாரோ முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். இந்தப் பரீட்சையில் பூஜ்யம் என்றால் தேர்ச்சி கிடையாது.

“காலைல நேராப் போய் அவங்ககிட்ட சொல்லிடலாம்” என்றேன்.

“வேண்டாம். போன பருவத்துல தோத்த ஆள் கையில எழுத்தோட போய், கறி மார்க்கர்னு கதை சொன்னா யார் நம்புவாங்க? முழுக்கைச் சட்டை போட்டுக்கறேன். பரீட்சை முடிஞ்சுடும், யாருக்கும் தெரியாது.”

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் வடக்கு டக்கோட்டா போகப் போவது அவர், நான் இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் பரீட்சையில் உட்கார்ந்து எழுதும் வேலை கிடையாது. அறை முழுக்க மேஜைகள். ஒன்றில் எலும்பு, ஒன்றில் பிளாஸ்டிக் மூளை, ஒன்றில் நுண்ணோக்கி. ஒவ்வொன்றிலும் குண்டூசி குத்தி, இது என்ன என்று எழுதி வைத்திருப்பார்கள். மணி அடித்தால் அடுத்த மேஜைக்கு நகர வேண்டும். ஆளுக்கு ஒரு மேஜையில் தொடங்கினோம். கோர்டி பிளாஸ்டிக் கை வைத்த மேஜையை முன்னாலேயே தாண்டிவிட்டார். எனக்கு அது கடைசியில் வரும்.

ஆட்டுச் சிறுநீரகத்தைப் பிளந்து வைத்திருந்த மேஜைக்கு அவர் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதைத் தொட்டுப் பார்த்து எழுத வேண்டும். உண்மையான உறுப்பைத் தொடுகிறவர்கள் முழங்கை வரை சட்டையை மடிக்க வேண்டும் என்பது ஆய்வக விதி. இரண்டு பேரும் அதைச் சுத்தமாக மறந்திருந்தோம்.

“கோர்டி, சட்டைக் கையை மடிச்சுட்டு கையுறை போடுங்க” என்றார் மிஸஸ் டிரெவாரோ.

“குளிருது மேடம்.”

அறையில் ஹீட்டர் கொதிக்கிறது, மனிதரின் வழுக்கையில் வியர்வை முத்து முத்தாக நிற்கிறது.

“மடிச்சு விடுங்க.”

கோர்டி சட்டையின் இடது கையை மட்டும் மடித்தார். மிஸஸ் டிரெவாரோ குரலை உயர்த்தவே மாட்டார், காத்துக்கொண்டு நிற்பார், அதுதான் பயங்கரம். வேறு வழியில்லாமல் கோர்டி வலது கையையும் மடித்தார். பக்கத்து மேஜைப் பெண் “ஐயோ கடவுளே” என்றாள். மணி அடித்தது, ஒருத்தரும் நகரவில்லை.

“யார் எழுதினது?”

“நானேதான்.”

“வலது கையில நீங்களே எழுதினீங்களா? எந்தக் கையால?”

கோர்டி கொஞ்சம் யோசித்தார். “இடது கையால.”

மிஸஸ் டிரெவாரோ ஒரு தாளையும் பென்சிலையும் அவர் முன்னால் வைத்தார். “உங்க பேரை இடது கையால எழுதிக் காட்டுங்க.”

அந்தப் பெரிய உருவம் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, இடது கையில் பென்சிலைப் பிடித்து எழுத ஆரம்பித்தது. தாளில் ஒரு புழு நெளிந்தது. மறுபடி அழித்து எழுதினார். அவருக்குத் தலைக்கு மேல் வெள்ளம், அதிலும் என் பேரை வெளியே விடாமல் காப்பாற்றப் பார்க்கிறார். வாயைத் திறந்தால் என் படிப்பும் போகும். திறக்காமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை.

“நான்தான் எழுதினேன் மேடம். நேத்து படிக்கறதுக்காக எழுதினது. கறிப் பொட்டலத்து மார்க்கர், போகல. தேய்ச்சுத் தேய்ச்சுத் தோலே உரிஞ்சுடுச்சு, பாருங்க.”

“நீ சும்மா இருக்க மாட்டியா?” என்று கோர்டி என்மேல் எரிந்து விழுந்தார்.

மிஸஸ் டிரெவாரோ எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. கோர்டியின் வலது கையை விளக்குக்குக் கீழே இழுத்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒவ்வொரு பேராகப் படித்தார். பிறகு கோர்டியின் விடைத்தாளை எடுத்துப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். அலமாரியைத் திறந்து பேண்டேஜ் சுருள் ஒன்றை எடுத்து, அந்தக் கையில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாமல் சுற்றிக் கட்டினார்.

“எல்லாரும் பரீட்சையை எழுதுங்க. நீங்க ரெண்டு பேரும் முடிச்சுட்டு இங்கயே இருங்க.”

அதற்குப் பிறகு எப்படி எழுதினேன் என்று எனக்கே தெரியாது. பிளாஸ்டிக் கை வைத்த மேஜைக்கு வந்தபோது மட்டும் கொஞ்சம் தைரியம் வந்தது. அதை நான் நேற்றுத்தானே கை வலிக்க எழுதினேன், கண்ணை மூடினாலும் வரும். கடகடவென்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எல்லோரும் போன பிறகு மிஸஸ் டிரெவாரோ கட்டைப் பிரிக்கச் சொன்னார். எங்கள் இரண்டு விடைத்தாளையும் கோர்டியின் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“மார்லிஸ், நீங்க இதை எழுதும்போது அவர் கையை எப்படி வச்சிருந்தார்?”

“மேஜை மேல, இப்படி” என்று உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினேன்.

“புத்தகத்துப் படத்துல?”

படத்தை நினைத்துப் பார்த்தேன். படத்தில் உள்ளங்கை மேலே பார்த்தபடி இருந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. மணிக்கட்டை உள்பக்கம் மடக்கும் தசைகளின் பேரையெல்லாம், அதை வெளிப்பக்கம் நீட்டும் தசைகளின் மேல் எழுதி வைத்திருக்கிறேன். முன்கை முழுக்க, ஒன்று விடாமல், தப்பு. அதே தப்பை விடைத்தாளிலும் அட்சரம் பிசகாமல் எழுதியிருக்கிறேன்.

“கோர்டி இந்தக் கையைப் பார்த்து எழுதியிருந்தா உங்களை மாதிரியே எழுதியிருப்பார்” என்றார் மிஸஸ் டிரெவாரோ. “அவர் எழுதினது அத்தனையும் சரி. அப்ப இது காப்பியடிக்க எழுதினது இல்ல.”

நான் கோர்டி பக்கம் திரும்பினேன். “தப்புன்னு தெரிஞ்சும் சும்மாவா உக்காந்திருந்த?”

“நான் எங்க அதைப் படிச்சேன்? கண்ணாடியும் போடல. உன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், அதுவும் என் பக்கம் தலைகீழா. நீ பேரைச் சத்தமாச் சொன்ன, நான் மணிக்கட்டை மடக்கிப் பார்த்தேன். எந்தப் பக்கம் இறுகுதோ அதான் மடக்கற தசைன்னு வச்சுக்கிட்டேன்.”

மிஸஸ் டிரெவாரோ சிவப்புப் பேனாவை எடுத்து அங்கேயே திருத்த ஆரம்பித்தார். பேனா தாளில் உரசும் சத்தம் மட்டும்தான் அறையில். கோர்டி சட்டைக் கையைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தார். என் தாளில் முன்கை முழுக்கச் சிவப்புக் கோடு விழுந்தது, ஆனாலும் கரையேறிவிட்டேன். கோர்டியின் தாளைக் கடைசியாகத் திருத்தி அவர் பக்கம் தள்ளினார்.

“தேறிட்டீங்க. நல்லாவே. ஆனா என்கிட்ட பொய் சொன்னீங்க.”

“ஆமா மேடம். ஒண்ணுதான் சொன்னேன்.”

“அதையும் உருப்படியாச் சொல்லத் தெரியல. போங்க, செப்டம்பர்ல நர்ஸ் வகுப்புல பார்க்கறேன்.”

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆர்லீன் சமையலறை வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, காலையிலிருந்து வண்டி நிறுத்துமிடத்தில் பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். பனியில் நடக்கும்போது கோர்டி முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார், நான் பார்க்காத மாதிரி முன்னால் போனேன். ஆர்லீன் எங்களைப் பார்த்ததும் இறங்கிவிட்டாள், கோட்டுப் பொத்தான் கூடப் போடவில்லை. இவர் அழுத முகத்தைப் பார்த்ததும் அவள் எல்லாம் முடிந்தது என்றே நினைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை, மதிப்பெண்ணைக் கேட்கவில்லை. அவர் சட்டையை மார்பில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லு. போறியா, இருக்கியா?”

அவர் அவள் கோட்டை இழுத்து மூடிவிட்டார்.

“இருக்கேன்” என்றார்.

ஆர்லீன் அந்தச் சட்டையை விடவே இல்லை. நான் என் காருக்குப் போய், கண்ணாடியில் பனியைச் சுரண்டாமலே ரொம்ப நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரு தப்புக்குக் கடவுளுக்கு நன்றி சொன்னது அன்றைக்கு மட்டும்தான்.